பாயில கெடந்த அரிசி

எத்தனாவது மாசமா? ஏட்டி கோமு, பஸ்ஸுல ஏறி மூச்சு வாங்குததுக்குள்ள கேட்டுட்டியே! உக்காரு. முதல்ல உன் கருவாட்டுக் கூடைய அந்தப் பக்கம் தள்ளு. இந்த நாயி மூக்கு பாதி உன் கூடைக்குள்ள போயிட்டு. ஏ சீமாட்டி, சும்மா கெட. அவ விக்கதுக்கு வச்சிருக்கா, உனக்கு விருந்து வைக்க இல்ல.

ஆமா, நாயிதான். மினிபஸ்ஸுல நாயி ஏறக்கூடாதாம், கண்டக்டர் தம்பி சட்டம் பேசுனான். "போன சந்தைக்கு உன் பஸ்ஸுல ஒருத்தன் என் தோள்ல சாஞ்சு வாய் ஒழுகத் தூங்கிட்டு வந்தானே, அவனை ஏத்துனேல்ல? இது அம்புட்டு ஒழுகாது"ன்னேன். சிரிச்சிட்டான். சிரிச்சவன் இதுக்கும் சேத்து டிக்கெட்டக் கிழிச்சுக் கையில குடுத்துட்டான், அது வேற கத.

சரி, நீ கேட்டதுக்கு வாரேன். மாசமும் இல்ல, மண்ணாங்கட்டியும் இல்ல. நீ மக பிரசவத்துக்குன்னு திருப்பூர்ல போய் உக்காந்துகிட்ட, இங்க நடந்த கூத்து ஒண்ணும் உன் காதுக்கு வரல. என் மருமவ செண்பகம் முழுகாம இருக்கான்னு இதே பஸ்ஸுல வச்சு நான்தான உன்கிட்ட சொன்னேன்? வயித்துல இருந்தது நெசம். யாரு வயித்துலங்கதுலதான் ஒரு சின்னப் பெசகு.

இந்தா, இதோட வயித்துல. பூச்சி.

சிரிக்காத. முழுசாக் கேட்டுட்டுச் சிரி.

நீ கடக்கரைக்காரி, உனக்கு எங்க பக்கத்து வழக்கம் தெரியாது. கன்னின்னு ஒரு வேட்டை நாயி சாதி, அத வளக்குத வீட்டுல பொண்ணக் கட்டிக் குடுத்தா, சீர்ப் பாத்திரத்தோட ஒரு நாய்க்குட்டியும் அனுப்புவாக. போற வீட்டுல புள்ளைக்கு ஒரு துணை. செண்பகத்தோட அப்பா பெத்துராசு, நொச்சிக்குளத்துல உன்கிட்ட கருவாடு வாங்கிட்டு உப்பு கம்மின்னு சண்டை போடுவாரே, அவரு தலைமுறை தலைமுறையா இந்த நாயி வளக்குதவரு. பீரோ வந்துச்சு, கட்டில் வந்துச்சு, குத்துவிளக்கு வந்துச்சு, அதுக்குப் பின்னால ஒரு கூடையில துண்டு போத்தி இது வந்துச்சு. நான் ஆரத்தி எடுக்கேன், செண்பகம் வலது கால எடுத்து வைக்கா, இது நாலு காலையும் எடுத்து வச்சு நேரா அடுப்படிக்குப் போயிட்டு. "எந்த மருமவ சமையக்கட்டப் பாக்கப் போறான்னு இப்பமே தெரிஞ்சுபோச்சு"ன்னேன். வந்த சனம் பூராம் சிரிச்சுது.

அதுல ஒரு கட்டு இருக்கு கோமு. சீரா வந்த நாயத் திருப்பி விட்டா, பொண்ணையே திருப்பி விட்ட மாதிரி. பேச்சு வார்த்தையே வேண்டாம், கொண்டுபோய் அவுக வாசல்ல கட்டிட்டு வந்தாப் போதும், சம்பந்தம் முறிஞ்சுபோச்சுன்னு அர்த்தம். இப்ப நான் மடியில நாய வச்சுக்கிட்டு நொச்சிக்குளத்துக்குத்தான் போறேன். பாக்கவன் என்ன நெனைப்பான்? அதுக்குத்தான் உன்கிட்ட மூச்சு விடாமப் பேசுதேன். நீ கூடையத் தூக்கிட்டு விறுவிறுன்னு ஊருக்குள்ள போறவ, நான் முட்டி வலிக்காரி. நீ முன்னால போயி, "நாயத் திருப்ப வரல, பொண்ணக் கூப்பிட வாரா"ன்னு சொல்லிரு. உன் வாய்க்கு இது ஒரு வேலையா?

எங்க விட்டேன்? பூச்சி.

மூணு மாசத்துக்கு முந்தியே இது நல்லாத் திங்கும், ஒடம்புல ஒட்டாது. முடி மினுமினுப்பெல்லாம் போயி, மழையில நனைஞ்ச சாக்கு மாதிரி ஆயிட்டு. "கன்னி நாயி ஒல்லியாத்தான் இருக்கும் அத்தை"ம்பா செண்பகம். அப்புறம் ஒரு புதுப் பழக்கம். குண்டியத் தரையில வச்சு, முன்னங்காலால இழுத்துக்கிட்டே போவும், வாசப்படியில இருந்து அடுப்படி வரைக்கும். நான் அதப் பாத்துட்டு, "உங்கப்பா வண்டி ஒண்ணும் குடுக்கலயேன்னு பாத்தேன், குடுத்துத்தான் இருக்காரு"ம்பேன். செண்பகம் சிரிப்பா. அவ சிரிப்பே தனி. வாயப் பொத்திக்கிடுவா, சத்தம் வராது, தோளு மட்டும் குலுங்கும். நான் ஒரு பேச்சுப் பேசுனா அது குலுங்காம இருக்காது. எம்மவன் பாலகுருகிட்ட பேசுததுக்கு அம்மிக்கல்லுகிட்ட பேசலாம். ஒரு நாளைக்கு ரெண்டு வார்த்தை. காலையில "வாரேன்", ராத்திரி "சோறு". அந்த வீட்டுல என் பேச்சக் கேக்க ஆளுன்னா அவதான்.

ஒருநா மத்தியானம் பாய உதறலாம்னு எடுத்தேன். செண்பகம் கண்ணசருத பாயி, நாயும் அது ஓரத்துலதான் சுருண்டு கெடக்கும். பாத்தா வெள்ளையா நாலஞ்சு அரிசி! பச்சரிசி மாதிரி, காஞ்சுபோயி. நீ சொல்லு கோமு, ஒரு பொம்பள படுக்குத பாயில பச்சரிசி ஏன் கெடக்கும்? மசக்கைக்காரிதான் களவாண்டு திம்பா. நான் பாலகுருவ வயித்துல வச்சிருக்கும்போது மடியில பச்சரிசியக் கட்டிக்கிட்டே திரிஞ்சவ. எங்க மாமியா பொங்கலுக்கு வச்சிருந்த பானையவே காலி பண்ணுனேன். எனக்குத் தெரியாதா?

அவகிட்டயே கேட்டுருக்கலாம்லன்னு பாக்க. எப்படிக் கேக்க? கல்யாணமாகி ரெண்டு வருசமா ஒண்ணுமில்ல. வெக்கத்துல மறைக்கா, தானாச் சொல்லட்டும்னு விட்டேன். நான் அவள இதப்பத்தி ஒரு நாளும் ஒரு வார்த்தை கேட்டதில்ல தெரியுமா? ஊருல எத்தன மாமியா அப்படி இருப்பா? கோயிலுக்குப் போனா, "மரத்துல ஒரு தொட்டிலக் கட்டிட்டு வா"ம்பேன். எதுத்த வீட்டுப் பிள்ளைய வாங்கி அவ மடியில போட்டு, "பழகிக்கோ"ம்பேன். அதெல்லாம் கேக்கதுல சேருமா? விளையாட்டு.

அந்த அரிசிய என்ன செஞ்சேன்னு கேளு. கேக்காட்டாலும் சொல்லத்தான் போறேன். பொறுக்கி எடுத்து, குங்குமச் சிமிழ்ல போட்டு, மாரியம்மன் படத்துக்கு முன்னால வச்சுட்டேன். எங்க வம்சத்துக்கு அடையாளமா வந்த அரிசியாச்சே. தெனமும் அதுக்கு ஒரு சூடம்! ஆத்தா மன்னிச்சுட்டா, எனக்குத் தெரியும். அவளுக்கும் சிரிக்க ஒண்ணு வேணும்லா.

வெளிய யாருகிட்டயும் மூச்சு விடல. எதுத்த வீட்டு பிச்சம்மாகிட்ட மட்டும் சொன்னேன். அப்புறம் மாவு மில்லுல ஆளு கம்மியா இருந்தாக, அவுககிட்ட. அப்புறம் உன்கிட்ட. பெசகுனது அங்கதான். உன் கூடையில கருவாடு வித்தாலும் விக்காட்டாலும் சேதி வித்துப்போகும். மூஞ்சியத் தூக்காத, உள்ளதத்தான் சொன்னேன்.

நீ நொச்சிக்குளத்துல போய்ச் சொல்லிட்டு அந்தானைக்குத் திருப்பூர் பஸ்ஸப் பிடிச்சிட்ட. மறு ஞாயித்துக்கெழம எங்க வாசல்ல ஒரு வேன் வந்து நிக்கி. சம்பந்தி, சம்பந்தியம்மா, சின்னம்மா, பெரியம்மா, பாதி நொச்சிக்குளம் இறங்குது. புளிச்சோறு, எலுமிச்சஞ்சோறு, அதிரசம், முறுக்கு, தூக்குவாளி தூக்குவாளியா. செண்பகம் கையில வெளக்கமாத்தோட வந்து நிக்கா. அவுக அம்மா ஓடிவந்து அவளக் கட்டிப்பிடிச்சு, வயித்துல கைய வச்சு, "எங்கிட்டகூட சொல்லணும்னு தோணலயாட்டி உனக்கு"ன்னு அழுதா.

"என்னம்மா சொல்ல?"ங்கா இவ.

"முழுகாம இருக்கதத்தான்!"

"யாரு?"

யாருன்னு கேக்கா கோமு! நான் என்ன நெனைச்சேன், இந்தப் புள்ள வெக்கத்துல சம்பந்திமாரு முன்னால என்னையப் பொய்க்காரி ஆக்கிரும்போலயேன்னு உள்ள ஓடிப்போயி சிமிழ எடுத்துட்டு வந்தேன். அன்னைக்குக் காலையிலதான் பாயில இருந்து புதுசா ரெண்டு பொறுக்கிப் போட்டிருந்தேன். "இந்தா பாருங்க சாட்சி, தெனமும் பச்சரிசி திங்கா உங்க மக"ன்னு சம்பந்தி உள்ளங்கையில கவுத்துனேன்.

அவரு பாத்தாரு. கைய மூஞ்சிக்குக் கிட்டக் கொண்டுபோயிப் பாத்தாரு. நாயப் பாத்தாரு. அது அந்நேரம் பாத்து, அம்புட்டு சனத்துக்கு முன்னாலயும் வண்டி ஓட்டிக்கிட்டு போகுது. "மதினி, இது அரிசி இல்ல. நாயி வயித்துல இருக்க நாடாப்பூச்சி. துண்டு துண்டா அந்து வெளிய விழும்"னாரு. சொல்லி வாய மூடல, உள்ளங்கையில கெடந்ததுல ஒண்ணு மெதுவா நெளிஞ்சுச்சு.

சம்பந்தியம்மா கை இன்னும் மக வயித்து மேலயே இருக்கு, எடுக்கவா வேண்டாமான்னு தெரியாம. எல்லாரும் அப்படிக் கம்முன்னு நிக்கது எனக்கு ஆகாது கோமு. யாராவது ஒருத்தர் ஏதாவது பேசணும்லா? நான்தான் பேசுனேன். "அதுக்கென்ன, வந்தவுக வெறும் வயிறாப் போக வேண்டாம், பலகாரத்தப் பிரிங்க. மருமவ வயித்துல ஒண்ணு இல்லாட்டா என்ன, அவ நாயி வயித்துல ஊருக்கே பங்கு வைக்க இருக்கு"ன்னேன்.

நல்ல பேச்சுத்தான? ரெண்டு மூணு பேரு சிரிச்சாக. செண்பகம் வாயப் பொத்திக்கிட்டா, தோளு குலுங்குச்சு. சிரிக்கான்னுதான் நெனைச்சேன். சத்தியமாச் சிரிக்கான்னுதான் நெனைச்சேன்.

அவ வெளக்கமாத்த மூலையில சாத்துனா. நாயி தட்டக் கழுவிக் கவுத்தி வச்சா. போயி வேன்ல ஏறி உக்காந்துட்டா. நாயும் பின்னாலயே போயி ஏறப் பாக்கு. "சீரு குடுத்தத நம்ம திருப்பி எடுக்கக் கூடாதும்மா, இறக்கி விடு"ன்னாரு அவுக அப்பா. இறக்கி விட்டா. வேன் சன்னல்ல இருந்து என்கிட்ட ஒரே வார்த்தைதான் சொன்னா: "அத்தை, அதுக்குப் பூச்சி மருந்து வாங்கிக் குடுங்க." கோவமா ஒரு வார்த்தை பேசல பாத்துக்கோ. பேசியிருந்தா நானும் ரெண்டு பேசியிருப்பேன், ஒண்ணுக்கொண்ணு சரியாப் போயிருக்கும். பேசாமப் போனா நான் என்ன செய்ய?

அன்னையில இருந்து இந்தச் சீமாட்டி சாப்பிடல. தண்ணியக் குடிக்கும், வாசல்ல போயிப் படுக்கும். நான் கையில சோத்த வச்சா, மூஞ்சியத் திருப்பிக்கிடும். மருமவ செய்யாத மாமியா மரியாதையெல்லாம் இது செய்யி. பாலகுருவும் அந்த ரெண்டு வார்த்தையில ஒண்ண விட்டுட்டான். "வாரேன்" மட்டும்தான். சோறு கேக்கதில்ல, போட்டாத் திங்கான்.

சரின்னு மாட்டாஸ்பத்திரிக்குத் தூக்கிட்டுப் போனேன். சின்ன வயசு டாக்டரம்மா. முதல்ல என்னைய எடை மிஷின்ல ஏத்துனா, அப்புறம் நாயத் தூக்கிக்கிட்டு ஏறச் சொன்னா. "யம்மா, பூச்சி நாய்க்குத்தான், எனக்கு எடை பாத்து ஏன் மானத்த வாங்குத"ன்னேன். கழிச்சு நாயி எடை பாக்கணுமாம், எடைக்குத் தக்கனதான் மாத்திரையாம். அப்புறம் கேக்கா, "தெள்ளுப்பூச்சி இருக்கா? தெள்ளுலதான் இந்தப் புழு வருது. நாயி கடிச்சுச் சொறியும்போது தெள்ள முழுங்கிரும்"னா. "இருக்கும்மா, எல்லாம் ரெண்டு வருசத்துக்கு முன்னால மருமவளோட அப்பா வீட்டுல இருந்து இதோட வந்ததா இருக்கும்"னேன். "ரெண்டு வருசத்துக்கு முன்னால வந்த தெள்ளா? வீட்டுல பூனை கீனை இருக்கா?"ன்னா. இருக்கு, நான் வளக்குத பூனை. ஆனா அதுக்குத் தெள்ளெல்லாம் கெடையாது கோமு. நாள் பூராம் சொறிஞ்சுக்கிட்டே இருக்கும், அது அதோட குணம். அந்த டாக்டரம்மா என்னமோ என்னையப் பாத்துச் சிரிச்சா. பூனைக்கும் சேத்து மருந்து குடுத்தா. வாங்கிக்கிட்டேன், ஓசி மருந்த வேண்டாம்னு சொல்லக் கூடாதுல்லா. பாயச் சுடுதண்ணியில அலசி வெயில்ல போடச் சொன்னா, போட்டேன்.

மாத்திரை கைக்கு வந்துட்டு. வாய்க்குள்ள எப்படிப் போகும்? இதுதான் என் கையால தொடமாட்டேங்கே. தயிர்ச்சோத்துல பொடிச்சுப் போட்டேன், தொடல. முட்டையில வச்சேன், பூனை வந்து பாத்துட்டுப் போச்சு, இது எந்திரிக்கவே இல்ல. வாயப் பிளந்து போட்டேன், பல்லுக்கு எடையில வச்சிருந்து அரை மணிக்கூறு கழிச்சு என் காலடியில துப்புச்சு. புளியங்கொட்டையத் துப்புத மாதிரி!

அப்பத்தான் ஒரு யோசனை. செண்பகத்தோட நைட்டி ஒண்ணு கொடியில கெடந்துச்சு. பூப்போட்டது, அவ தொவைக்காம விட்டுட்டுப் போனது. அத எடுத்து மாட்டுனேன். நீ என் ஒடம்பப் பாரு, அவ ஒடம்ப நெனைச்சுப் பாரு. ஒரு பக்கத் தையலு டர்ருன்னு சொல்லிட்டு. பரவால்லன்னு சுவத்தப் பாத்து, அவ உக்காருத மாதிரி கால மடக்கி உக்காந்தேன். வாயத் தொறக்கல. தொறந்தா ஆளு தெரிஞ்சுரும்லா. என் வாழ்நாள்ல நான் அம்புட்டு நேரம் பேசாம இருந்தது அன்னைக்குத்தான்.

வந்துச்சு கோமு. மெதுவா வந்து, நைட்டி ஓரத்த மோந்து பாத்துச்சு. தலைய என் மடியில வச்சுச்சு. பெறவு என் கையில இருந்த தயிர்ச்சோத்த நக்கி நக்கித் தின்னுச்சு, மாத்திரையோட.

அந்நேரம் பாத்துப் பாலகுரு உள்ள வாரான். பின்னால இருந்து பாக்கான், நைட்டி தெரியுது, நாயி மடியில கெடக்கது தெரியுது. "செண்பகம்!"னான். எம்மவன் தொண்டையில அப்படி ஒரு குரல் இருக்குன்னு எனக்கு இத்தன வருசமாத் தெரியாது. நான் திரும்புனேன்.

அவன் மூஞ்சி எப்படிப் போச்சுன்னா... வேண்டாம், அத விடு.

"யாருடா உன் பொண்டாட்டி, நான் உங்க அம்மா"ன்னு ஒரு வார்த்தை சொல்லி விட்டுருக்கலாம். நல்ல பேச்சுத்தான், நாக்கு நுனியில இருந்துச்சு. வரல. அவன் வெளிய போயி வண்டியில உக்காந்துட்டான். நான் அந்த நைட்டியோடயே கொஞ்ச நேரம் இருந்தேன். நாயி கைய நக்கிக்கிட்டே இருந்துச்சு, சோறு தீந்த பெறவும்.

அதனாலதான் கெளம்பிட்டேன். மன்னிப்புக் கேக்கப் போறேன்னு ஊருக்குள்ள சொல்லிராத, சரியா? நான் என்ன தப்புச் செஞ்சேன் மன்னிப்புக் கேக்க? நாய்க்கு ரெண்டாவது தடவை மாத்திரை குடுக்கணும், தெனமும் நைட்டி மாட்ட என்னால முடியாது, அதுக்காகத்தான் போறேன். இங்க பாரு, இப்ப கொஞ்சம் மினுமினுப்பு வந்துருக்குல்லா? தடவிப் பாரு. வண்டி ஓட்டுததயும் விட்டுட்டு. ரொம்ப நல்லாத் தேறுன பெறவுதான் கூட்டிட்டு வரணும்னு இருந்தேன். ஆனா அம்புட்டு நாளு ஆரு பொறுக்கது?

ஊரு வந்துட்டா? அதுக்குள்ளயா? இந்த டிரைவரு ஒரு நாளும் இம்புட்டு வெரசா வந்ததில்லயே.

கோமு, அது சம்பந்திதான? டீக்கடையில, மேல்துண்டு போட்டுக்கிட்டு. எந்திரிச்சுட்டாரு. நாயப் பாத்துட்டாரு. ஏட்டி, மூஞ்சி கருத்துப்போச்சே! நீ சொல்லு, ஓடு, சொல்லு. எங்க ஓடுவ, பஸ்ஸு நிக்கட்டும்.

அடிகுழாயில பாரு. குடத்தோட நிக்கது யாரு? அவதானா? இளைச்சுப் போயிட்டா. பாத்துட்டா கோமு. நாயப் பாத்துட்டா. அடிச்சுக்கிட்டிருந்த கைய விட்டுட்டா. ஐயோ, நாயத் திருப்பிக் குடுக்க வந்துருக்கேன்னுல்லா நெனைப்பா! நீ ஏதாவது சொல்லேன், ஊரு பூராம் பேசுவ, இப்ப பேயறஞ்ச மாதிரி என் மூஞ்சியப் பாக்க. நானா? நான் என்னத்தச் சொல்ல? எனக்கு ஒண்ணும் வர மாட்டேங்கே...

ஏ செண்பகம்! தாயீ! நாயத் திருப்ப வரலம்மா! நாயி உன்னையக் கூட்டிட்டுப் போகணும்னு ஒத்தக் கால்ல நின்னுச்சு. நான் சும்மா அதுக்குத் துணைக்கு வந்தேன்!

என்ன சொல்லுதா? பஸ்ஸு உறுமுததுல ஒண்ணும் விழல. கண்டக்டர் தம்பி, அந்த இஞ்சினக் கொஞ்சம் அமத்தச் சொல்லேன். கோமு, என்ன கேக்கா? நாயி சாப்பிட்டுச்சான்னா? சாப்பிட்டுச்சுன்னு சொல்லு, மாத்திரையும் போட்டாச்சுன்னு சொல்லு.

நாய இல்லையா? பின்ன?

என்னையவா? நான் சாப்பிட்டேனான்னா கேக்கா?

பிடிட்டி இந்தக் கயித்த. இறங்குதேன்.